நாற்பதடி அண்ணன்

விக்கியின் உதட்டிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் கீபோர்டில் விழுந்தது. திரையில் வீடியோ அறுபத்து மூன்று சதவீதத்தில் வந்து நின்றுபோயிருந்தது. அதன் மேல் ஒரு சின்னப் பெட்டி: 'மெமரி போதவில்லை.'

"மறுபடியுமாடா?" டில்லிபாபு அவன் பின்னங்கழுத்தைப் பிடித்து முகத்தை மேஜையில் மோதினான். பேனா ஸ்டாண்டு உருண்டுபோய் அஃப்ராவின் காலடியில் விழுந்தது.

மந்தைவெளியில் மாடியிலிருந்த அந்த ஸ்டூடியோவில் ஆல்பம் டிசைன் செய்ய அஃப்ரா சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. கல்யாண வீட்டுக்காரர்கள் அவசரப்படுத்துவதைப் பார்த்திருக்கிறாள். அடிப்பதை இன்றுதான் பார்க்கிறாள்.

டில்லிபாபுவின் தங்கை தமிழ்நிலாவுக்கு அன்று சாயங்காலம் தி.நகர் மண்டபத்தில் ரிசப்ஷன். தொட்டிலில் கிடந்த நாள் முதல் நிச்சயதார்த்தம் வரை நூற்று இருபது ஃபோட்டோக்களைக் கோர்த்துப் பாட்டோடு வீடியோவாக்கி, மண்டபத்துப் பெரிய திரையில் ஓட்ட வேண்டும்.

"வீடியோ இல்லாம வராதண்ணேன்னு தங்கச்சி சொல்லி அனுப்பிச்சிகீது. ஒரு வாரமா அத்த உட்டு நான் அந்தாண்ட இந்தாண்ட நவுரல. இன்னிக்கு உன்னால அடையாறு பார்லர்ல தனியா உட்டுட்டு இங்க வந்து குந்தினுகீறேன். அஞ்சு மணிக்கு அங்க நிக்கணும். புரியுதா?"

"மிஷின்ல மெமரி பத்தலண்ணே. மத்ததெல்லாம் மூடிட்டு ஓட்டிப் பாக்கறேன்."

விக்கி திறந்திருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மூடினான். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டான். மறுபடி ஓட்டினான். மறுபடி அறுபத்து மூன்று. இந்தத் தடவை டில்லிபாபுவின் ஹெல்மெட் அவன் தோளில் இறங்கியது.

"ரெண்டா வெட்டி ஓட்டறேண்ணே, கடைசில ஒட்டிக்கலாம்" என்றான் மூச்சு வாங்கியபடி. முதல் பாதி ஒழுங்காக வந்தது. இரண்டாம் பாதி நின்றது. ஒரு அறை விழுந்தது. விக்கியின் இடது கண் மூடிக்கொண்டது.

கோளாறு எங்கே என்று அஃப்ராவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எழுபத்தாறாவது படம். டில்லிபாபுவின் பிறந்தநாளுக்கு சிக்னலில் கட்டிய நாற்பதடி ஃபிளெக்ஸ் பேனர். யாரோ அதை ஃபோட்டோ எடுத்துச் சேர்க்காமல், அச்சுக்குப் போன அதே ராட்சச ஃபைலை அப்படியே பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பாவம், எட்டு வருஷத்துக் கம்ப்யூட்டர் அதை எப்படி விழுங்கும்?

விக்கியும் அந்தப் படத்தைத்தான் சுட்டிக் காட்டினான். "அண்ணே, இந்த ஒண்ண மட்டும் எடுத்துட்டா..."

"இன்னாது?" டில்லிபாபு அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்துப் பின்னால் வளைத்தான். "எங்க நைனா செத்தப்புறம் தங்கச்சிய வளத்தவன் நான்டா! என் ஃபோட்டோ இல்லாம என் தங்கச்சிக்கு வீடியோவா? ஏன், என் மூஞ்சி உன் மிஷினுக்கு வெய்ட்டா கீதா?"

'மளுக்'கென்று ஒரு சத்தம் கேட்டது. விக்கி பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்துகொண்டான்.

அஃப்ராவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. படத்தை எதற்கு எடுக்க வேண்டும்? நாற்பதடியை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கிப் போட்டால் போச்சு. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அவள் செய்கிற வேலை. வேலைக்குச் சேர்ந்த அன்றே அதைச் சொல்லிக் கொடுத்தவனும் இதே விக்கிதான். அடி வாங்கி வாங்கி மூளை மரத்துவிட்டதா இவனுக்கு?

"விக்கி அண்ணா, அந்தப் படத்த மட்டும் கொஞ்சம்..."

"அஃப்ரா!" அவன் போட்ட அதட்டலில் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கீழ போய் ரெண்டு டீ வாங்கிட்டு வா."

அவள் டீயோடு மேலே வந்தபோது ஐந்தாவது தடவையாக அறுபத்து மூன்று. ஒரு டீயை டில்லிபாபு குடித்தான். இன்னொன்றை விக்கியின் மடியில் ஊற்றினான். துடித்து எழுந்தவனை நாற்காலியோடு சேர்த்து உதைத்துத் தள்ளிவிட்டு, தரையில் கிடந்தவனின் விலாவில் ஷூ காலால் ஓங்கி மிதித்தான். "யா அல்லாஹ்!" என்று அலறி அஃப்ரா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

விக்கி மேஜைக் காலைப் பிடித்து மெல்ல எழுந்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். நாலே முக்கால். சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

எழுபத்தாறாவது படத்தை ஒரு கையாலேயே திறந்தான். சுருக்கினான். சேமித்தான். இரண்டே நிமிடம். வீடியோ அறுபத்து மூன்றைத் தாண்டி, எழுபது, எண்பது என்று வழுக்கிக்கொண்டு ஓடி நூறைத் தொட்டது.

ஓட்டிப் பார்த்த டில்லிபாபுவுக்குத் தன் முகம் திரை முழுக்க வந்ததும் கண் கலங்கிவிட்டது. "சோக்கா கீதுடா!" என்று விக்கியின் வீங்கிய கன்னத்தைத் தட்டினான். "அடிச்சத மன்சுல வெச்சிக்காத மச்சி. ஒரே தங்கச்சி, டென்சனாயிடுச்சு." பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படிகள் அதிர இறங்கிப் போனான். கீழே பைக் உறுமிக்கொண்டு கிளம்பியது.

அஃப்ரா துப்பட்டா முனையை நனைத்து விக்கியின் உதட்டில் ஒற்றினாள். "இதையே முதல்ல செஞ்சிருக்கலாமில்ல? எதுக்குண்ணா இவ்ளோ அடி வாங்குனீங்க?"

விக்கி அடிபடாத கையால் செல்போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தினான். மறுமுனையில் எடுக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

"தமிழ்நிலா... ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ரெண்டு பேரும் கையெழுத்து போட்டாச்சாம்மா?"