பெட்டிக்குள் ஓர் இலை

"மனித குலம் இன்று இலையின் தொழிலைக் கற்றுக்கொண்டுவிட்டது!" என்று ஃபெராரா நகர ஆய்வகத்தில் பேராசிரியர் எர்மெத்தே முழங்கினார். நிதி கொடுக்க வந்த மூவரும் காப்பிக் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.

மூடிய பெட்டிக்குள் வெயிலுக்குப் பதிலாக ஒரு விளக்கு. அந்த ஒளியில் செயற்கை இலை தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் தரும். ஒளி இல்லாவிட்டால் ஒரு குமிழிகூட வராது. வெளியே நிற்கும் கண்ணாடிக் குழாயில் இருபது மில்லி சேர்ந்தால் நிதி கிடைக்கும். சேராவிட்டால் ஆய்வகத்துக்குப் பூட்டு, உதவியாளர் இவானாவுக்கு வேலை போய்விடும். இரண்டு வருடமாகப் பதினொன்றைத் தாண்டியதில்லை.

இவானா தினமும் பெட்டியைத் தட்டி நன்றி சொல்வாள்.

"பெட்டிகிட்டப் பேசாதேம்மா, சிரிப்பாங்க."

"உங்க பேச்சையே சிரிக்காம கேக்குறாங்க, இதுக்கா சிரிக்கப் போறாங்க, புரொபஸர்?"

அன்று முப்பத்தொன்று சேர்ந்தது. கையெழுத்தும் ஆயிற்று. பேராசிரியர் அமைச்சகத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தன் விடாமுயற்சிக்கும் நன்றி சொன்னார்.

எல்லோரும் போனபின் இவானா பெட்டிமேல் கை வைத்தாள். "ரொம்ப நன்றிப்பா. என்னக் காப்பாத்திட்ட." குழாயில் குமிழிகள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தன. விளக்கை அணைக்கக் குனிந்தாள். அதன் பிளக் தரையில் கிடந்தது. அது இருக்கவேண்டிய இடத்தில், காலையிலேயே, பேராசிரியர் காப்பி மெஷினைச் செருகியிருந்தார்.