லட்சணமான பள்ளம்

"பள்ளம் எங்கேம்மா?" என்று திரையைப் பார்த்துக் கேட்டார் இயக்குநர்.

"அதுக்குள்ளதான் சார் நிக்கிறோம்," என்றாள் நிலவில் நிற்கும் ஊர்தியை இந்த அறையிலிருந்தே ஓட்டுபவள்.

இயக்குநர் திரைக்கு இன்னும் அருகே போய்ப் பார்த்தார். தரை அப்போதும் மேசை போலத்தான் கிடந்தது.

பள்ளத்தின் மீது தப்பில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கல்லடி பட்டு, விளிம்பு தேய்ந்து, குழி தூர்ந்துபோயிருந்தது. தண்ணீர்கூட அதைப் பள்ளம் என்று நம்பி ஓடி வராது.

ஆனால் அந்தத் தேய்ந்த விளிம்பில்தான் நிலவின் அடிவயிற்றுப் பாறை வெளியே தெரிந்தது. அதில் துளை போடத்தான் ஊர்தியை அனுப்பியிருந்தார்கள். முதல் துளை நாளைக்கு. அவள் ஏழு வருடமாகக் காத்திருந்த நாளை.

"மத்தியானம் அமைச்சர் வர்றார். இவ்வளவு செலவு பண்ணி மொட்டைத் தரையையா காட்டுறது? பக்கத்துல ஆழமா, லட்சணமா ஒண்ணும் இல்லையா?"

இருந்தது. கூப்பிடு தூரம்தான்; கூப்பிட்டால் கேட்கக் காற்றுதான் இல்லை. சமீபத்தில் விழுந்த குழி. கூரான விளிம்பு, கரிய நிழல், நாட்காட்டிக்கென்றே செய்தது போல. ஆராய்ச்சிக்குத்தான் ஒன்றுக்கும் உதவாது.

"ஓரத்துல மண்ணு பொலபொலன்னு இருக்கு சார். சரிஞ்சா ஏற முடியாது."

"அமைச்சருக்கு இதெல்லாம் எங்க புரியப் போகுது? ஓட்டும்மா."

ஓட்டினாள். விளிம்பிலிருந்து ஒரு படம் வந்தது. அறையே கைதட்டியது.

"இன்னும் கொஞ்சம் முன்னால," என்றார் இயக்குநர்.

அடுத்த படத்தில் கறுப்பு வானம் மட்டும் இருந்தது. அதற்கடுத்துப் படமே வரவில்லை.

முதலில் சுதாரித்தவர் இயக்குநர்தான். கைதட்டல் வாங்கிய படத்தைப் பெரிய திரையில் போடச் சொன்னார். மூலையில் சிவப்பாக 'நேரலை' என்று எழுதச் சொன்னார். அவளை முகம் கழுவிக்கொண்டு வரச் சொன்னார்.

அமைச்சர் வந்தார். பள்ளத்தின் ஆழத்தை, ஏதோ தானே இறங்கித் தோண்டியது போல இயக்குநர் விவரித்தார். அமைச்சர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ஓட்டுபவள் பக்கம் திரும்பினார்.

"இது புதுக் குழிதானேம்மா? தேஞ்சுபோன பழைய பள்ளத்துலதான் அடிப்பாறை தெரியுதுன்னு அறிக்கையில எழுதியிருந்தீங்க. அதைப் பார்க்கத்தான் வந்தேன். வண்டியைக் கொஞ்சம் அங்க திருப்புங்களேன்."

அமைச்சர் அறிக்கையைப் படித்துவிட்டு வருவார் என்று அந்த அறையில் யாரும் நினைத்ததில்லை. இயக்குநருக்கோ, அதைப் படிக்கலாம் என்றே தோன்றியதில்லை.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கட்டுப்பாட்டுப் பிடியில் கை வைத்தாள். இயக்குநரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், திருப்பட்டுமா?"