சாம்பல் நிறக் கோட்டு

செங்கம் ரோட்டோரம் விரித்த தார்ப்பாயில், ஆசிரமத்துக்கு வந்து தங்கிவிட்டு ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன துணிகள் குவிந்து கிடக்கின்றன. இத்தாலியிலிருந்து வந்திருக்கும் அந்த அம்மாள் சாயங்கால வெயிலில் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு சட்டையின் கழுத்துப் பட்டையையும் திருப்பிப் பார்க்கிறாள். மிலான் நகரத்துப் பெரிய தையல்காரர் ஒருவரிடம் தன் மகனுக்குத் தைத்து வாங்கிய கோட்டைத் தேடுகிறாள். போன மாதம் ஜுரத்தில் மகன் இறந்ததும், அவன் குடியிருந்த அறையைக் காலி செய்து துணிகளை இங்கே கொடுத்துவிட்ட வீட்டுக்காரர் தசரதன், பக்கத்தில் தலைகுனிந்து நிற்கிறார். குவியலின் அடியிலிருந்து ஒரு சாம்பல் நிறக் கை வெளியே வருகிறது. அவள் கோட்டை உருவி எடுத்து, உள்ளே தைத்திருக்கும் தையல்காரரின் பெயரை விரலால் தடவுகிறாள். பிறகு கோட்டை முகத்தோடு சேர்த்து அழுத்திக்கொள்கிறாள். கழுத்துப் பட்டையை முகர்கிறாள். கைமடிப்பை முகர்கிறாள். பாக்கெட்டை வெளியே இழுத்து அதையும் முகர்கிறாள். துணி விற்கும் ஜோதியம்மாளுக்கு முகம் மலர்கிறது. “செத்தவங்க துணின்னா யாரும் தொட மாட்டாங்க சார். அதான் ரெண்டு தபா சவுக்காரம் போட்டு, கல்லுல அடிச்சுத் தொவச்சேன். ஒரு வாடையும் இருக்காது. அவங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க” என்கிறாள். அந்த அம்மாள் கோட்டின் அக்குளில் முகத்தைப் புதைத்து, இன்னும் ஆழமாக மூச்சை இழுக்கிறாள்.