அம்மாவைக் கைது செய்யும் மாப்பிள்ளை

அம்மா நடுச்சாலையில் கூட்டத்தோடு சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள். கடல் கடந்து அரசு நடத்தும் போருக்கு என் அண்ணனை அனுப்பிவிட்டார்கள். அவன் திரும்பும்வரை எழமாட்டாளாம். போலீஸ் கேடயங்களில் பட்ட வெயில் தெறித்து அவள் முகத்தில் ஆடுகிறது. அந்தக் கேடய வரிசையிலிருந்து என் அக்காவின் கணவர் தலைக்கவசத்தோடு வந்து அவள்முன் குனிகிறார். "அத்தை, வேன்ல ஏறுங்க. பெரிய அதிகாரி பாக்குறாரு." "நல்லாப் பாக்கட்டும் மாப்பிள்ளை. உங்க மச்சானைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க, நானே ஏறிக்கிறேன்." நடைபாதையில் அவள் செருப்புகளை நெஞ்சோடு அணைத்தபடி நான் நிற்கிறேன். வேறு வழியில்லாமல் மாமா அவளை இரு கைகளாலும் அள்ளித் தூக்குகிறார். "உங்க இடுப்பு பத்திரம் மாப்பிள்ளை. போன மாசம்தானே பிடிச்சுக்கிச்சு" என்று அம்மா அவர் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். பெல்ட்டில் தொங்கும் தடி அவள் காலில் இடித்துவிடாமல் மாமா ஒருபக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடக்கிறார். பின்னால் கூட்டம் கைதட்டுகிறது. வேன் கதவருகே அம்மா மூச்சை இழுத்து, அவர் காதுக்குள்ளேயே முழங்குகிறாள்: "போரை நிறுத்து! எங்க பிள்ளைங்களைத் திருப்பிக் கொடு!" அவளிடம் எதிர்ப்பேச்சு பேசியே பழகாத மாமாவின் தலைக்கவசம் தானாக ஆடுகிறது. "சரிங்க அத்தை."