எந்த ஹெட்போன் உசத்தி?

டி.வி.யில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. தலையில் ஹெட்போனோடு அதன் முன்னால் உட்கார்ந்திருந்த சதாசிவத்தின் விரல்கள் நாற்காலிக் கைப்பிடியில் தாளம் போட்டன. சமையற்கட்டில் மருமகள் லதா ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி தோசை வார்த்துக்கொண்டிருந்தாள்.

பீச் ரயிலில் நசுங்கி, செங்கல்பட்டில் இறங்கி வீடு வந்த பாலா வாசலிலேயே நின்று அப்பாவைப் பார்த்தான். வயிறு எரிந்தது. அவர் மாட்டியிருந்தது தம்பி ஷ்யாம் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. பாலா வாங்கித் தந்த ஹெட்போன் டி.வி.க்கு மேலே சும்மா கிடந்தது.

பேத்தி சஹானாவுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. டி.வி. சத்தம் அவளைத் தொந்தரவு செய்யக் கூடாதென்று, லீவில் வந்த ஷ்யாம் வயர் இல்லாத அந்த ஹெட்போனைத் தாத்தா கையில் கொடுத்துவிட்டுப் போனான். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற சதாசிவம், பழைய சிநேகிதர்களை எல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டு அதைக் காட்டினார்.

பாலாவால் தாங்க முடியவில்லை. அடுத்த சனிக்கிழமையே சென்னைக்குப் போய்க் கடை கடையாக ஏறினான். ஒன்றில் பாட்டோடு இரைச்சலும் வந்தது. இன்னொன்று நன்றாகத்தான் பாடியது, நாலடி நகர்ந்ததும் சிக்னல் அறுந்தது. வேறொன்று காதைக் கவ்விப் பிடித்து வலித்தது. சாயங்காலம்தான் எல்லாவற்றிலும் தேறிய ஒன்று கிடைத்தது. “மாட்டினா வெளிச்சத்தம் பொட்டுகூட உள்ள வராது சார்” என்றார் கடைக்காரர்.

அப்பா அதை இரண்டு நாள் போட்டார். மூன்றாம் நாள் ஷ்யாம் தந்ததற்கே திரும்பிவிட்டார்.

பாலா அவர் முன்னால் போய் நின்று கையை ஆட்டினான். அவர் ஒரு பக்கக் காதை மட்டும் விடுவித்தார்.

“நான் வாங்கினதுல இன்னாப்பா கொறச்சல்?”

“கொறச்சல்னு யார்ரா சொன்னா? இதுல ஒவ்வொரு வார்த்தையும் சுத்தமா கேக்குது. கொல்லைப் பக்கம் போனாகூட கேக்குது. தலைக்கும் பாரமா இல்ல.” திரும்பவும் மாட்டிக்கொண்டார்.

பாலா விடுவிடுவென்று சமையற்கட்டுக்குப் போனான். “பாத்தியா லதா? நியூஸுக்குகூட தாளம் போடுறாரு. சின்னவன் வாங்கினதாச்சே, அதான்!”

“மெதுவா பேசுங்க.”

“அதை மாட்டிக்கினு இருக்காரு, இடி விழுந்தாலும் கேக்காது. அவருக்கு நெஞ்சு ஆபரேஷன் நடந்தப்போ பதினோரு நாள் ஆஸ்பத்திரி வராண்டாவுல படுத்துக்கினு கெடந்தது யாரு? நானு. வருஷத்துக்கு ஒரு வாட்டி வந்து தலையைக் காட்டிட்டுப் போறவன் உசத்தி. கூடவே கெடக்கிறவன் எளப்பம்!”

அவன் குரல் உடைந்தது. லதா அடுப்பை அணைத்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து, அப்படி என்னதான் இருக்கிறது இதில் என்று ஷ்யாமின் ஹெட்போனை எடுத்து மாட்டினான் பாலா. டி.வி.யைப் போட்டான். உள்ளறையில் சஹானா பாடம் ஒப்பிப்பதுதான் கேட்டது. சவுண்டைக் கூட்டினான். பேட்டரியை மாற்றினான். அதற்குச் சிக்னல் அனுப்பும் பெட்டியின் வயரை டி.வி.யிலிருந்து பிடுங்கி மறுபடி சொருகினான். டி.வி.யிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

தலையைத் துவட்டியபடி வந்த சதாசிவம் மகன் தலையில் இருந்ததைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“அப்பா, இது வேலையே செய்யல!”

“தெரியும். அவன் பிளைட் ஏறின மறுநாளே போச்சு. சொன்னா அவன் மனசு கஷ்டப்படும்னு விட்டுட்டேன்.”

பாலாவுக்குச் சுருக்கென்றது. “அப்போ… நேத்து நான் லதாகிட்ட பேசினது?”

அப்பா துண்டை உதறிக் கொடியில் போட்டார்.

ஹெட்போனைக் கழற்றினான். “இத்தினி நாளா செத்துப்போனதை மாட்டிக்கினு ஏம்ப்பா உக்காந்துகினு இருந்தே? நான் வாங்கினது நல்லாத்தானே கீது?”

“ரொம்ப நல்லா கீதுடா. அதான் பேஜாரு” என்றார் சதாசிவம், மகன் முகத்தைப் பார்க்காமல். “அதை மாட்டினா, நீ வூட்டுக்கு வந்து பேசுறது எனக்குக் கேக்கல.”