லைசென்ஸ் இல்லாத தூண்டில்

"தூண்டிலைக் கீழ போடுங்க! இங்க மீன் பிடிக்கக் கூடாது!"

கத்திக்கொண்டே கரையிறங்கிய மீன் இலாகா வாட்சர் சின்னசாமி பாதி வழியில் அப்படியே நின்றுவிட்டான்.

சாத்தனூர் அணையின் கரையில், 'அனுமதியின்றி மீன் பிடிப்பது குற்றம்' என்ற பலகைக்கு நேர் கீழே, மடிசார் கட்டிய ஓர் அம்மாள் பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயசுக்கு மேலிருக்கும். கையில் மூங்கில் தூண்டில். பக்கத்தில் மூடிபோட்ட பித்தளைத் தூக்கு.

அணை கட்டி நாலு வருஷமாகிறது. சின்னசாமி எத்தனையோ திருட்டுத் தூண்டில்காரர்களைப் பிடித்திருக்கிறான். காக்கிச் சட்டையைக் கண்டதும் செருப்பை விட்டுவிட்டு ஓடுவார்கள். இந்த அம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏம்மா, பார்த்தா ஐயர் வூட்டம்மா மாதிரி கீறீங்க..."

"மாதிரி என்ன? அண்ணாமலையார் கோயில் குருக்கள் ஆத்துக்காரிதான். பேர் லலிதாம்பாள். காலம்பற முதல் பஸ்ஸுக்கே வந்துட்டேன்."

"அடக் கடவுளே! மீன் பிடிக்கவா?"

"பின்னே, தூண்டிலை வச்சுண்டு மாவா அரைப்பா?"

சின்னசாமி தண்ணீரை எட்டிப் பார்த்தான். முழங்கால் ஆழத்தில் வெறும் முள் பளபளத்தது. புழுவும் இல்லை, ஒரு சோற்று உருண்டைகூட இல்லை. கெண்டைகள் அதைச் சட்டை செய்யாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. பிடிக்கத் தெரியாதவளுக்கு எதற்கு இந்த வேண்டாத வேலை என்று அவனுக்கு எரிச்சலாக வந்தது.

"லைசென்ஸ் கீதா?"

"இல்லை."

"அப்ப எடத்தைக் காலி பண்ணுங்க. நான் ஒண்ணும் பார்க்கல."

"பார்த்துட்டே. நான் போகமாட்டேன்."

"சரி, அப்ப ஆபீசுக்கு வாங்க. அபராதம் கட்டிட்டுப் போங்க."

"அங்கேயும் நானா ஒரு அடி எடுத்து வைக்கமாட்டேன். அபராதமும் கட்டமாட்டேன். என்ன பண்ணுவே?"

சின்னசாமிக்கு வியர்த்தது. இவளை இப்படியே உட்கார விட்டால் வேலைக்கு ஆபத்து. புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் அப்படிப்பட்ட ஆள். யாரோ பெரிய மனுஷரின் மச்சானைத் தூண்டிலோடு விட்டுவிட்டான் என்று போன மாதம்தான் இன்னொரு வாட்சரை வீட்டுக்கு அனுப்பினார். சின்னசாமிக்குக் கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள் மூன்று பேர்.

"அம்மா, சொன்னா கேளுங்க. எங்க இன்ஸ்பெக்டர் ரொம்பக் கறாரு. யார்கிட்டயும் ரெண்டு வார்த்தை ஜாஸ்தி பேசமாட்டாரு. தீபாவளிக்குக்கூட ஊருக்குப் போகாம ஆபீசே கதின்னு கெடந்தாரு. உங்களை விட்டுட்டேன்னு தெரிஞ்சா என் வேலை பூடும்."

அம்மாள் தூக்கின் மூடியை ஒரு தரம் அழுத்திப் பார்த்துக்கொண்டாள். பிறகு குரலை உயர்த்தினாள்.

"அப்போ இழுத்துண்டு போயேன்! யார் வேண்டாங்கறா?"

"அந்தத் தூக்குல இன்னா? மீனா?" சின்னசாமி மூடியில் கை வைக்கப் போனான்.

"தொட்டே, அவ்வளவுதான்! திறக்கறதா இருந்தா உங்க இன்ஸ்பெக்டர் திறக்கட்டும்."

இதற்கு மேல் பொறுக்க முடியாது என்று ஆகிவிட்டது அவனுக்கு. ஆனால் எப்படி இழுப்பது? வருஷா வருஷம் கார்த்திகை தீபத்துக்கு இவள் புருஷன் கையால் விபூதி வாங்கிப் பூசியிருப்பான். அந்த வீட்டு அம்மாளைக் கையைப் பிடித்து இழுத்தால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்த் தொலைப்பது? யோசித்துப் பார்த்துத் தூண்டிலின் நுனியைப் பிடித்துக்கொண்டான்.

"அந்தப் பக்கம் நீங்க புடிச்சுக்குங்கம்மா."

அவ்வளவு நேரம் அடம் பிடித்தவள், ஒரே இழுப்பில் எழுந்துவிட்டாள். ஒரு கையில் தூக்கு, மறு கையில் தூண்டிலின் அடி. கரை ஏறும்போது மூச்சு வாங்கியது சின்னசாமிக்குத்தான். பரிதாபப்பட்டுப் பிடியைத் தளர்த்தினால் போதும், அங்கேயே நின்றுவிடுவாள்.

"ஏன் விட்டே? இழு!"

அணைத் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அம்மாள் யாரையும் லட்சியம் செய்யவில்லை. தேரில் வருகிறவள்போல் நிமிர்ந்து வந்தாள். ஆபீஸ் படிக்கட்டில் மறுபடியும் நின்றாள்.

"படியிலேயும் இழு."

இழுத்தான். மானம் போகட்டும், வேலை நிலைத்தால் சரி.

"ஐயா, லைசென்ஸ் இல்லாம மீன் பிடிச்சாங்க. ஆபீசுக்கு வரமாட்டேன்னு ஒரே அடம். நான்தான் இழுத்துக்கினு வந்தேன். தூக்குல மீன் இருக்குதுங்க."

பைலிலிருந்து நிமிர்ந்த இன்ஸ்பெக்டர் பசுபதி நாற்காலியை விட்டு எழுந்தார். கையிலிருந்த பேனா உருண்டு கீழே விழுந்தது. தூக்கின் மூடியைத் திறந்தார். புளியோதரை வாசனை அறை முழுக்கப் பரவியது.

"அம்மா... மீன் ஆபீஸ் வேலைக்குப் போனவனைத் தேடி நீயா போகக் கூடாதுன்னு, அப்பா என் கண் எதிர்லயே உன்னைக் கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ண வச்சாரே!"

"நானா எங்கேடா வந்தேன்? இவன்தானே இழுத்துண்டு வந்தான்!" என்ற லலிதாம்பாள், தூண்டிலைப் பத்திரமாகச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டுச் சின்னசாமியிடம் திரும்பினாள். "அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே பாறைதான். சீக்கிரமா வந்து பிடி."