ஓட்டிப் பார்க்காதவர்

"உன் ஓசி சவாரி வந்தாச்சு" என்று கண்ணைக் காட்டினாள் ஷோரூம் வரவேற்பில் இருந்தவள்.

விற்பனையாளன் திரும்பிப் பார்த்தான். அதே கணவன், அதே மனைவி. இன்று வியாழன். திங்கட்கிழமையிலிருந்து இது நாலாவது தடவை.

அவர்கள் ஓட்டிப் பார்க்கக் கேட்கும் கார், இங்கிலாந்துச் சொகுசுக் கார் கம்பெனி ஒன்றின் கார்களிலேயே சின்னது. சின்னதென்றாலும் பெயர் பெயர்தான். மூன்று மாதமாக அவன் கையால் ஒன்றுகூட விலைபோகவில்லை. 'சனிக்கிழமைக்குள்ள ஒண்ணு வித்துடு. இல்லேன்னா திங்கட்கிழமை வராதே' என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

"நீங்களே ஓட்டுங்க தம்பி. அதே ரோடு" என்றார் கணவர்.

வாங்க வந்த மனிதர் இதுவரை ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. பின்சீட்டில் மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொள்வார். அவளும் மகாராணி மாதிரி கண்ணை மூடிக்கொள்வாள். இரண்டு கிலோமீட்டர் போனதும், 'இங்கேயே இறங்கிக்கிறோம், ஒரு வேலை இருக்கு' என்பார். டெஸ்ட் டிரைவ் அவ்வளவுதான்.

"இன்னைக்காவது ஒரு முடிவு சொல்லுங்க சார்."

"சொல்றேன் தம்பி. முன்னாடி ஸ்பீட் பிரேக்கர், மெதுவா."

"வாங்குற எண்ணம் இருக்கா, இல்லையா? எனக்கு வேலையே போகப் போகுது. நீங்க என்னடான்னா டாக்ஸி மாதிரி..."

"தம்பி, மெதுவா..."

அவன் பிரேக்கைத் தொடவில்லை.

கார் தூக்கிப் போட்டது. பின்னாலிருந்து வந்த அலறலில் அவன் கை தானாகவே வண்டியை ஓரம் கட்டியது.

"ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை." அவர் மனைவியின் முதுகைத் தடவினார். நிமிராமலே சொன்னார்: "கேன்சர் எலும்புல பரவிடுச்சு தம்பி. ஆட்டோ, டாக்ஸி எதுல போனாலும் வழி நெடுக இப்படித்தான் கத்துவா. உங்க கார்லதான் சத்தமில்லாம வந்தா. இதை வாங்க எனக்கு வக்கில்லை. பொய் சொன்னது தப்புதான்."

தெருக்கோடியில் ஆஸ்பத்திரி போர்டு தெரிந்தது.

"அந்தத் தம்பியை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள் அவள், மூச்சு வாங்க. "நாலு நாள்ல இன்னைக்குத்தானே தூக்கிப் போட்டுச்சு."

அவன் வண்டியை மெல்லக் கிளப்பினான்.

"இன்னும் எத்தனை நாள் வரணும் சார்?"

"கரண்ட் வைக்கற ட்ரீட்மென்ட் இன்னும் ரெண்டு நாள். அதுக்கப்புறம் கூட்டிட்டு வர வேண்டாம்னுட்டாங்க."

அவன் ஆஸ்பத்திரி வாசற்படி வரைக்கும் நடக்கிற வேகத்தில் ஓட்டிப் போய் நிறுத்தினான்.

திரும்பி வந்தபோது மேனேஜர் ஷோரூம் வாசலிலேயே நின்றிருந்தார்.

"என்னய்யா, வாங்குவானா மாட்டானா? மாட்டான்னா நாளையிலேர்ந்து அந்தாளை உள்ளே விடாதே."

"வாங்குவார் சார்" என்றான் அவன். "நாளைக்கும் சனிக்கிழமையும் ஓட்டிப் பார்த்துட்டு முடிவு சொல்றாராம்."